மாமாவின் கழுத்துப் பட்டன்

என் தாய்மாமன் பரசுராமன் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டுதான் தறியில் உட்காருவார். சித்திரை மாதத்தில், காஞ்சிபுரத்து ஓட்டு வீட்டுக்குள், குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இட்லிப் பானைக்குள் இருக்கும் இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். எங்கள் தெருவில் எல்லா ஆண்களும் லுங்கியோடு வெறும் மார்போடுதான் நெய்வார்கள். மாமா மட்டும் பேங்க் மேனேஜர் மாதிரி முழுச் சட்டை.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் கதை கட்டுவது என் தொழில். பத்தாவது கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வேறு என்ன வேலை? மாமா மார்பில் 'நதியா' என்று பச்சை குத்தியிருக்கிறது, அதனால்தான் மூடிவைத்திருக்கிறார் என்று தெரு முழுக்கப் பரப்பினேன். வடிவு அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஒரு வாரம் அவருக்குச் சோற்றில் குழம்பு ஊற்றவில்லை. மாமா வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு, "யாருடி அந்த நதியா? எனக்கே ஒருவாட்டி காட்டுடி" என்றாரே தவிர, பட்டனைக் கழற்றி இல்லை என்று நிரூபிக்கவில்லை. குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தேன். நனைந்த சட்டையோடு உட்கார்ந்து நெய்தார். ஆடிக் கிருத்திகைக்குத் தெருவே குமரக்கோட்டத்துக்குக் காவடி எடுக்கும். மாமா பந்தக்கால் நடுவார், தண்ணீர்ப் பந்தல் போடுவார், காவடி மட்டும் எடுக்க மாட்டார். காவடிக்குச் சட்டையைக் கழற்ற வேண்டுமே.

அந்தச் சட்டைக்கு அடுத்தபடி தெருவில் பிரபலம் அவருடைய வாய். கோயில் நோட்டீஸ், கட்சி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதைக் கொடுத்தாலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மடிப்பார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் இந்தப் பாக்கியம் எங்களுக்கு நாள் முழுக்கக் கிடைத்தது.

பின் சந்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன சபை இருக்கிறது. அதன் பாஸ்டர் தாவீது வார நாட்களில் லோடு ஆட்டோ ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போடுவார். அவருடைய அப்பா காலத்தில் அந்தச் சனங்கள் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவுக்குள் தயங்கித் தயங்கித்தான் வருவார்களாம். இப்போது தாவீது ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். சபையின் கூம்பு ஸ்பீக்கர் எந்தப் புண்ணியவான் கட்டியதோ, நேராக மாமாவின் தறியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாமா கழிவுப் பட்டு நூலை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு நெய்வார். "ஊர்லயே காஸ்ட்லியான பஞ்சு என் காதுலதான் இருக்குது" என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பெரிய வெள்ளி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமா நடுவில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்கிறார். அத்தை வலது ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூலைச் சுமந்து ஓடும் கட்டையான நாடாவைத் தள்ளுகிறாள். கோர்வைப் புடவை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தள்ள, மற்றவர் வாங்க, உடலும் கரையும் அங்கே பூட்டிக்கொள்ளும். திடீரென்று மாமாவின் கை நின்றது. காதிலிருந்து பட்டு நூலை எடுத்தார்.

"இன்னாயா?" என்றாள் அத்தை, நாடாவை நீட்டியபடி.

"சும்மா இருடி. துணியப் பத்தி இன்னாவோ சொல்றான்."

ஸ்பீக்கரில் தாவீது வாசித்துக்கொண்டிருந்தார். சிலுவையில் ஏற்றப்பட்டவருடைய துணிகளைச் சிப்பாய்கள் பங்கு போட்டுக்கொண்ட இடம். அவருடைய அங்கி தையலே இல்லாமல், மேலிருந்து கீழ் வரை ஒரே நெசவாக இருந்ததாம். அதைக் கிழிக்க மனசு வராமல் சீட்டுப் போட்டார்களாம்.

மாமாவின் முகத்தில் பிரகாசம். தப்பு கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை தணிகாசலத்தின் டீக்கடையில் தாவீதைப் பிடித்தார். தணிகாசலம் தறியை விட்டுவிட்டு டீ ஆற்ற வந்தவர். டீயை விடச் சண்டையை நன்றாக ஆற்றி ஆற்றிக் கொடுப்பார்.

"யோவ் பாஸ்டரே, நேத்து மைக்குல இன்னாயா உட்டுக்கினு இருந்த? தையல் இல்லாத அங்கியா?"

"ஆமாண்ணே."

"கழுத்து எப்டிபா வரும்? கை எப்டி நுழையும்? துணின்னா தட்டையாத்தான வரும்? வெட்டணும், தைக்கணும். அத எழுதுன ஆளு தறியப் பாத்திருக்கவே மாட்டான்."

"நான் லோடு ஆட்டோ ஓட்றவன்ணே. எனக்கு இன்னா தெரியும்? எழுதியிருக்குது, வாசிச்சேன். நீங்க நெய்றவரு. நெய்ஞ்சுதான் பாருங்களேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தணிகாசலம் விடுவாரா? "அப்டிப் போடு! பரசு, நெய்ய முடியலன்னா ஸ்பீக்கர் எறங்கணும்னு கேளுபா!"

"எறக்கிடறியா?" என்றார் மாமா.

தாவீது வாயைத் திறப்பதற்குள் தணிகாசலமே அடுத்ததையும் போட்டார். "நெய்ஞ்சிட்டா?"

மாமா டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நெய்ஞ்சிட்டன்னா, இந்தப் பரசுராமன் அவுங்க ஞானஸ்நானத் தண்ணியில முழுகறான்யா! என் நாடா மேல சத்தியம்!"

நெசவாளி நாடா மேல் சத்தியம் செய்தால் அது கோர்ட்டில் செய்வதை விடப் பெரிசு. யாரோ அதை வீடியோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டுவிட்டார்கள். யாரோ என்றால், நான்தான்.

இந்தப் பந்தயத்தில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்தீர்களா? முடியாது என்று சொன்னவரும் மாமா, நெய்து பார்க்க வேண்டியவரும் மாமா. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே ஜெயித்துவிடலாம். ஆனால் தறி விஷயத்தில் ஏமாற்றுகிற கை அவருக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் அப்பா போன பிறகு சும்மா கிடந்த தறியில் பருத்தி நூலைப் பூட்டினார்.

பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, இரண்டு அடுக்காகப் போட்டார். நாடா மேல் அடுக்கில் போய்க் கீழ் அடுக்கில் திரும்பும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் துணி குழாய் மாதிரி வரும். அதுவரை சரி. ஆனால் தோளை மூட வேண்டும், கழுத்தைத் திறக்க வேண்டும், இரண்டு பக்கமும் கைக்கு வழி விட வேண்டும், ஊசி படக் கூடாது. முதல் துணி நாலு பக்கமும் மூடிக்கொண்டு வந்தது. நான் அதில் இலவம்பஞ்சை அடைத்துத் தலையணை ஆக்கினேன். இரண்டாவதில் கழுத்து தோள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு மாட்டி ரீல்ஸ் போட்டேன். ஆட்டுக்குக் கச்சிதமாக இருந்தது.

தோற்கத் தோற்க மாமாவுக்கு ஸ்பீக்கர் மறந்துபோனது. ஏதாவது ஒரு சந்தேகம் வரும். ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்து போவார்.

"அந்த எடத்த இன்னொருவாட்டி படிபா."

தாவீது டாஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்து வாசிப்பார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"ஆளு எவ்ளோ ஒசரம்?"

"எழுதலண்ணே."

"இன்னா வேலை?"

"தச்சு வேலை."

"அப்ப தோள் அகலமாத்தான் இருக்கும். நூல் இன்னா நூலு?"

"அதுவும் எழுதல."

"இன்னாத்தத்தான்யா எழுதனான்? சரி, அதுக்கு முன்னாடி கொஞ்சம் படி."

முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் என்று மாமா துணியைத் தேடிப் போய்ப் போய்க் கதை முழுவதையும் கேட்டுவிட்டார். அந்த மனிதர் யாரோடு சாப்பிட்டார், யாரைத் தொட்டார், யாருக்காக யாரிடம் திட்டு வாங்கினார் எல்லாம் தெரிந்துபோயிற்று. தறியில் உட்கார்ந்தபடி எங்களுக்கும் சொல்வார். "சாப்பிடறப்ப எவன் பக்கத்துல உக்காரணும்னு அந்த ஆளு பாக்கவே இல்ல, தெரியுமா?" என்று ஏதோ எதிர்வீட்டுச் செய்தி மாதிரி.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தாள். "மேல இருந்து கீழன்னு தான அவரு படிச்சாரு? நீ இன்னாத்துக்குக் கீழ இருந்து ஆரம்பிக்கற?"

மாமா அவளையே பார்த்தார். "பை நெய்றதுன்னா அடியில இருந்துதான…"

"அது பையாயா? சட்டை."

பாவு நூலை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தோளிலிருந்து ஆரம்பித்தார். மேல் அடுக்கின் இழைகளைக் கீழேயும் கீழ் அடுக்கை மேலேயும் மாற்றிவிட்டதும் இரண்டும் பிணைந்து தோள் மூடிக்கொண்டது. நடுவில் மாற்றாமல் விட்ட இடம் கழுத்து. பிறகு கொஞ்ச தூரத்துக்கு மேலுக்கு ஒரு நாடா, கீழுக்கு ஒரு நாடா. ஓரம் திறந்துகொண்டது, கைக்கு வழி. அதன் பிறகு ஒற்றை நாடா சுற்றிச் சுற்றி இறங்க வேண்டியதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி நெய்யும்போது மாமாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் பாடுகிற ஆளும் இல்லை, கும்பிடுகிற ஆளும் இல்லை. நான் நக்கலடிக்க வாயைத் திறந்து, எதற்கோ மூடிக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ஸ்டாண்டில் நானும் நின்றிருந்தேன். மாமா கேட்டார்: "அங்கிய உருவனப்ப அவரு இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல."

"திட்டல?"

"இல்லண்ணே. அவங்க இன்னா பண்றாங்கன்னு அவங்களுக்கே தெரியல, உட்டுடுன்னு கடவுள் கிட்ட அவங்களுக்காகக் கேட்டுக்கினாரு."

மாமா திரும்பி நடந்தார். வழியில் நான் கல்லால் தெரு நாயை எழுப்பிக் காட்டியும் சிரிக்கவில்லை.

துணி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். தணிகாசலம் முதல் ஆளாக உள்ளே வந்து, தறியில் இருந்ததைத் தடவிப் பார்த்தார். கழுத்துக்குள் கையை விட்டார், அடிவழியாக எடுத்தார். முகம் சுருங்கியது.

"பரசு," என்றார் மெதுவாக. "வெளிய எவனும் இன்னும் பாக்கல. இந்தத் தோள் கிட்ட கத்திரிய வச்சு ஒரு இழு இழுத்துட்டா, முடியலன்னு சொல்லிடலாம். ஸ்பீக்கர் எறங்கிடும். இல்லன்னா நீ முழுகணும்பா. நம்ம சனம் இன்னா பேசும்? சத்தியம் பண்ணிக்கினு நிக்கிற."

அவரே கத்தரியை எடுத்துவிட்டார். மாமா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் தணி. கொல்ல வந்தவனுங்களே இதக் கிழிக்கல."

"இன்னா பேசற நீ?"

மாமா தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். கை கழுத்துப் பட்டனுக்குப் போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்துக்கொள்ளத்தான் போயிருந்தது.

"எனக்கு இருவது வயசு. ஒரு மொதலாளி கடையில பட்டு எட கொறையுதுன்னு என்னப் புடிச்சாங்க. நான் எடுக்கல. கடை வாசல்ல, நடு பஜார்ல நிக்கவச்சு சட்டைய உருவனாங்க. அப்பறம் வேட்டிய. பூ வாங்க வந்த பொம்பளைங்கல்லாம் பாத்துக்கினு இருந்தாங்க. ஒண்ணும் கெடைக்கல. 'சரி, போ'ன்னுட்டாங்க." மாமா தறிப் பக்கம் திரும்பினார். "அன்னிலேர்ந்து எந்தச் சாமி முன்னாடியும் என்னால சட்டையக் கழட்ட முடியல தணி. சாமிக்கு எப்டித் தெரியும், எல்லார் முன்னாடியும் உருவனா எப்டி இருக்கும்னு நெனச்சுக்கினு இருந்தேன். இவருக்குத் தெரிஞ்சிருக்குது. இவரையும் உருவியிருக்கானுங்க."

இத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்து கோர்வை தள்ளிய அத்தைக்கும் அது புதுச் செய்தி. அவள் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, குடி என்று கூடச் சொல்லாமல் அவர் கையில் வைத்தாள். நதியா கதையை நினைத்து எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. அந்தத் தறியில் எப்போதும் தூசி அதிகம்.

மாமா துணியைத் தறியிலிருந்து விடுவித்து, வெளியே போய்க் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். பெரியவர்கள் எல்லாரும் வாங்கி, உள்வெளியாகத் திருப்பி, விரலால் தடவித் தையலைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு பையன் கத்தினான்: "முழுகு! முழுகு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து தாவீது வந்தார். கையில் ஸ்பீக்கர், கழற்றிய ஒயரோடு. "இந்தாங்கண்ணே. காலையிலயே எறக்கிட்டேன். உங்களுக்கு எடஞ்சல்னு தெரிஞ்சும் வச்சிருந்தது தப்பு."

"யோவ், நான்தான்யா தோத்தேன்!"

"பந்தயத்துக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கறது இல்லண்ணே. அந்தச் சத்தியம் உங்களக் கட்டாது, உட்டுடுங்க. நீங்க போய்ப் பொடவைய முடிங்க."

தணிகாசலம் அந்த இடத்திலேயே தாவீதைக் கட்டிப்பிடிக்காத குறை. தெரு கலைந்தது. மாமா தப்பித்தார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாமா தறியில் உட்கார்ந்து காதைத் தீட்டினார். சத்தமே இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சந்து முனைக்குப் போனார். "இன்னா படிக்கிறானுங்கன்னே கேக்கலியே" என்று எரிச்சல்பட்டார். அதற்கடுத்த ஞாயிறு சபையின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் வந்தது, படியில் சாரல் அடிக்கிறது என்று உள்ளே போனார். பிறகு மழை நின்றும் வெளியே வரவில்லை.

ஒருநாள் கோர்வை போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தையிடம் சொன்னார். "வடிவு, நான் முழுகலாம்னு இருக்கறேன். பந்தயத்துக்கு இல்ல. எனக்காவ."

அத்தை நாடாவைத் தள்ளினாள். அவர் வாங்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான் குமரக்கோட்டத்துக்குத்தான் போவேன்," என்றாள் அத்தை.

"போ. நான் எப்ப வேணாம்னேன்?"

"கிருத்திகைக்கு வீட்ல கவுச்சி கூடாது."

"கூடாது."

"எங்கண்ணன் வந்து கத்துவான். நீயே பேசிக்க."

"பேசிக்கறேன். நீ என்கூட உக்காருவியா?"

"அதுவா உன் கவல? நீ முழுகனா என் கை இன்னா நாடாவ மறந்தாபூடும்? வாங்குயா, இழை தொங்குது."

அண்ணன் வந்தார், கத்தினார். நெசவாளர் சங்கத்தில் இரண்டு பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். மாமா எல்லாருக்கும் பதில் சொன்னார், ஆனால் யாரிடமும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் தென்னேரி ஏரி நிரம்பிக் கடல் மாதிரி கிடந்தது. தாவீதின் லோடு ஆட்டோவில் சபைக்காரர்கள் பாட்டோடு வந்தார்கள். பின்னாலேயே ஒரு வேன். அதில் எங்கள் தெரு. வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். தணிகாசலம் டீ கேனே கொண்டுவந்திருந்தார். அத்தை நெற்றி நிறைய விபூதியும் கையில் ஒரு பையுமாகக் கரையில் நின்றாள்.

"சட்டையோடவே எறங்கலாம்ணே," என்றார் தாவீது மெதுவாக. "ஒண்ணும் இல்ல."

மாமா கரையில் நின்றார். முன்னால் ஏரி, பின்னால் தெரு. அவருடைய கை கழுத்துப் பட்டனுக்குப் போனது. நான் மூச்சு விடவில்லை. தெருவில் யாரும் விட்டதாகத் தெரியவில்லை.

கழுத்துப் பட்டன் அவிழ்ந்தது. அடுத்தது. அடுத்தது. கல்யாணப் பெண்ணுக்குக் கூட இவ்வளவு பேர் இவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றிக் கரையில் இருந்த கருவேலம் செடி மேல் போட்டார். நதியா இல்லை. மச்சம் கூட இல்லை. வெயிலே பார்க்காத மார்பு, தேங்காய்ப் பத்தை மாதிரி. கழுத்தோடு கறுப்பு நின்றுபோய் வேறு ஒரு ஆள் உள்ளே இருந்த மாதிரி இருந்தார். நெஞ்சை மறைக்காமல், கையை வீசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி தண்ணீருக்குள் நடந்தார்.

தாவீது ஜெபம் சொல்லி முக்கினார். தண்ணீர் மூடியது. பிறகு ஏரியே அவரைத் தூக்கிப் போட்ட மாதிரி மாமா எழுந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கரையில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. சபைக்காரர்கள் அல்லேலூயா என்றார்கள். எங்கள் தெருவுக்கு அது பழக்கமில்லை, விசில் அடித்தது. முதல் விசில் தணிகாசலம்.

"வடிவு! தண்ணி ஜில்லுனு இருக்குதுடி!"

"மேல வாயா, சளி புடிக்கும்!" என்றாள் அத்தை. பையிலிருந்து அந்தத் தையலில்லாத அங்கியை எடுத்து, அவர் தலைவழியாக மாட்டிவிட்டு, தோளை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்தது. தச்சனுக்கு என்று வைத்த அளவு நெசவாளிக்கும் பொருந்தியது. தணிகாசலம் கேனைத் திறந்து முதல் டம்ளர் டீயை நீட்டினார். மாமா அதைத் தாவீதின் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

இதற்குள் பழக்க தோஷத்தில் நான் ஒரு வேலை செய்திருந்தேன். கருவேலம் செடி மேல் கிடந்த சட்டையைச் சுருட்டி வேனின் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன். மாமா தேடுவார், திண்டாடுவார், கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டுக் கொடுக்கலாம் என்று திட்டம்.

வீடு வந்து சேர்ந்தோம். சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் காலையில் வெறும் மார்போடு தறியில் இறங்கி உட்கார்ந்து, அத்தையிடமிருந்து நாடாவை வாங்கினார்.

அந்தச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாமா அதைக் கேட்கவே இல்லை.